டமாரம் பாலத்தருகே நிற்கிறது

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறாள்; மூன்று வேளையும் தன் கையால் சமைத்ததையே தின்கிறாள். நீ எப்படி இருக்கிறாய், அண்ணி எப்படி, வாலு எப்படி? காது அதே கதைதானா? போனில் உன்னிடம் கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம் என்று போன வருஷமே நாம் கடிதத்துக்குத் திரும்பியது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று, பார்.

இந்த நோய்க்காகப் பள்ளியைப் பூட்டி மூன்று வாரம் ஆகிறது. எல்லோரும் போய்விட்டார்கள். நானும் வாட்ச்மேனும்தான் மிச்சம். ஆய்வகத்துச் சாவி, அரங்கத்துச் சாவி, தண்ணீர்த் தொட்டிச் சாவி எல்லாம் என் இடுப்பில் தொங்குவதால் 'சாவி அக்கா'வை மட்டும் குவார்ட்டர்ஸில் விட்டுவிட்டார்கள். இரண்டாயிரம் பிள்ளைகள் கத்துகிற இடத்தில் இப்போது என் செருப்புச் சத்தம் எனக்கே பயமாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் இங்கே நடக்கும் மாணவர் ரோபோ போட்டி இந்த வருஷம் கிடையாது என்றுதான் நினைத்தேன். தலைமை ஆசிரியை விடவில்லை. "பிள்ளைங்கதானே வரக்கூடாது? வண்டிங்க வரலாம்ல?" என்றார். ஆகவே பிள்ளைகள் வண்டியை வீட்டிலேயே செய்து பெட்டியில் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். பெட்டி மூன்று நாள் வராந்தாவில் யார் கையும் படாமல் கிடக்கும். அப்புறம் அதை அரங்கத்து மேஜையில் வைத்து ஓட்டுவது நான். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே படமாக எடுத்து அனுப்பினால், வேறு வேறு ஊர்களில் இருக்கும் மூன்று பேர் மதிப்பெண் போடுவார்கள்.

வேலை இதுதான். வண்டி ஒரு மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு, கறுப்புக் கோட்டைப் பிடித்துப் போய், குட்டிப் பாலம் ஒன்றைத் தாண்டி, மறுகோடியில் இருக்கும் வெள்ளைக் கட்டத்தில் வைக்க வேண்டும். வழியில் ஓரிடத்தில் மனிதருக்குப் பதில் சொல்ல வேண்டும். டார்ச் அடித்தால் திரும்பலாம், தொட்டால் நகரலாம், என்னவானாலும் சரி. வாய்ப்பு மூன்று. கடைசி வாய்ப்பு செப்டம்பர் 17.

ஒரு கறாரான விதி உண்டு. வண்டியை எப்படிக் கிளப்புவது, எங்கே என்ன செய்வது என்று பிள்ளை தன் கைப்பட எழுதிய கடிதம் பெட்டிக்குள் இருக்க வேண்டும். அதை நான் கேமரா முன்னால் சத்தமாக வாசிப்பேன். அதில் எழுதியிருப்பதை மட்டும் செய்வேன். எழுதாத எதையும் செய்ய மாட்டேன், சக்கரத்தில் தூசி இருந்தால்கூடத் தட்ட மாட்டேன்.

முன்பு அணிக்கு ஐந்து பேர் வேண்டும். இப்போது ஒருத்தர் போதும். வாலுவை விடாதே. வீட்டில் இருக்கிற சாமானையெல்லாம் பிரித்துப் போடுகிற உன் பெண்ணுக்கு இதைவிட்டால் வேறு எது?

உன் தங்கை

•

ஏப்ரல் 19

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே மூவரும் சுகம். நீ தனியாக இருப்பதுதான் எங்களுக்குக் கவலை. வேளைக்குச் சாப்பிடு, உன் சமையலானாலும் பரவாயில்லை.

தகடு அழுத்தும் மிஷினில் இருபத்திரண்டு வருஷம் நின்றவனை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். தெருவே அமைதியாகிவிட்டதாக அண்ணி சொல்கிறாள். எனக்கு என்ன வித்தியாசம்? எனக்கு எப்போதும் அமைதிதான்.

உன் கடிதத்தை வாலுவிடம் கொடுத்தேன். படித்து முடித்த பத்தாவது நிமிடம் பழைய பிரிண்டரின் வயிற்றைக் கிழித்து மோட்டாரை வெளியே எடுத்துவிட்டாள். என் ஸ்குரூ டிரைவர்களைக் காணோம். அண்ணியின் துணி கிளிப்புகள் இரண்டு வண்டிக்குக் கையாகிவிட்டன. பதின்மூன்று வயதுக்கு இந்த ஆட்டம் ஆடினால் இன்னும் போகப் போக என்ன ஆகுமோ.

வண்டிக்கு 'டமாரம்' என்று பேர் வைத்திருக்கிறாள். "யாரை மனசுல வெச்சு இந்தப் பேரு?" என்று முறைத்தேன். பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

ஒன்று சொல்ல வேண்டும். என்னைக் கூப்பிட அவள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் எனக்குக் கேட்டுவிடுகிறது, எழுந்து போய்விடுகிறேன். என்ன வழி என்று உனக்கு எழுதக் கூடாதாம். டமாரத்தில் வைத்திருக்கிறாளாம், தொழில் ரகசியமாம். அண்ணிக்கு மட்டும் கொஞ்சம் பொறாமை. அவள் கூப்பிட்டால் நான் திரும்புவதே இல்லையாம்.

உன் அண்ணன்

•

மே 3

அன்புள்ள அண்ணா,

எனக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால் வலியைத் தவிர. உங்கள் பக்கம் நோய் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். வாலுவை வாசலுக்குக்கூட விடாதே. அவளுக்குப் பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி.

பெட்டிகள் வர ஆரம்பித்துவிட்டன. வராந்தாவில் இன்று எண்ணிப் பார்த்தேன், இருபத்தாறு. ஒவ்வொன்றாகத் திறக்கிறேன். வண்டியைவிட கடிதங்கள்தான் எனக்குப் பிடித்திருக்கின்றன. ஒரு பையன் எழுதியிருக்கிறான்: "காலைல ஓட்டாதீங்க மேடம், சாயங்காலம்தான் நல்லா ஓடும், என்னை மாதிரி." இன்னொரு பெண்: "முன் சக்கரத்துல இருக்கிறது எங்க அக்காவோட ரப்பர் பேண்ட். அவளுக்குத் தெரியாது. பத்திரம்."

அரங்கில் ஆயிரம் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. மேஜை மேல் ஒரு விளக்கு. நான் ஒருத்தி நின்று யாரோ ஒரு பிள்ளையின் கடிதத்தை உரக்க வாசிக்கிறேன். வாசித்து முடித்துப் பொத்தானை அழுத்தினால், அந்தப் பிள்ளையே வந்து மேஜையில் ஓடுகிற மாதிரி இருக்கிறது. முதல் நாள் சிலிர்த்துவிட்டது. இப்போது பழகிவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை.

டமாரம் எப்போது வரும்? அத்தை என்பதற்காக நான் ஒரு சலுகையும் காட்ட மாட்டேன் என்று வாலுவிடம் சொல்லி வை.

உன் தங்கை

•

ஜூன் 14

தங்கச்சிக்கு,

நலம். நீ நலமா.

வண்டியை அனுப்பியிருக்கிறேன். கடிதம் உள்ளே இருக்கிறது. பேட்டரி போட்டபடியே இருக்கிறது, கழற்றவில்லை.

பத்திரமாகப் பார்த்துக்கொள்.

அண்ணன்

•

ஜூலை 2

அன்புள்ள அண்ணா,

இதெல்லாம் ஒரு கடிதமா? ஆறு வாரம் காத்திருந்தவளுக்கு ஆறு வரி! பேனாவில் மை தீர்ந்துவிட்டதா, இல்லை தங்கச்சி தீர்ந்துவிட்டாளா? எல்லோரும் சௌக்கியம்தானே? அண்ணிக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

டமாரம் வந்துவிட்டது. பிரிண்டர் மோட்டார், துணி கிளிப் கை, நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஜூன் 30 அன்று மேஜையில் வைத்தேன். வாலுவின் கடிதத்தை வாசித்தேன். "அத்தை, வணக்கம். பச்சைப் பொத்தானை ரெண்டு தடவை அமுக்குங்க. அப்புறம் கையை எடுத்துடுங்க, அதுக்குக் கூச்சம்" என்று ஆரம்பித்திருக்கிறாள்.

கட்டையை என்ன அழகாகத் தூக்கியது தெரியுமா! கோட்டை விட்டு ஒரு நூல் விலகவில்லை. பாலத்துக்கு முன்னால் வந்தது. நின்றுவிட்டது. நின்று, என் பக்கம் திரும்பி, சிவப்பு விளக்கை அணைத்து அணைத்து ஏற்றிக்கொண்டே இருந்தது. விதிப்படி மூன்று நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். மூன்று நிமிடமும் என்னையே பார்த்தபடி நின்றது, அண்ணா. காலியான அரங்கில் அப்படி ஒன்று உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றால் தெரியும்.

என்னிடம் எதையோ எதிர்பார்க்கிறது. மனிதருக்குப் பதில் சொல்லும் இடம் அதுதான் என்று புரிகிறது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று கடிதத்தில் இல்லை. தாளின் மேலே 'பக்கம் 1' என்று போட்டிருக்கிறாள், அடி வரை வந்து எழுத்து முடிந்துவிடுகிறது. இரண்டாம் பக்கம் எங்கே? அவசரக் குடுக்கை, வைக்க மறந்திருப்பாள். அடுத்த தபாலில் அனுப்பச் சொல். இன்னும் இரண்டு வாய்ப்பு இருக்கிறது.

உன் தங்கை

•

ஜூலை 20

அன்புத் தங்கச்சிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. அண்ணி அதிகம் பேசுவதில்லை, போனை எங்கோ வைத்துவிட்டாள். முழங்காலுக்குத் தைலம் போடுகிறாயா?

நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். கட்டையைத் தூக்கியது என்று எழுதியிருந்த இடத்தை அதற்கு மேலும்.

வாலு எதுவும் எழுதவில்லை. அவளைத் திட்டாதே.

எனக்கு ஒரு சத்தம் கேட்கிறது. பகலில், இரண்டு மூன்று தடவை. பின் அறையிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. எழுந்து போய்ப் பார்க்கிறேன். யாரும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தால் அண்ணி என்னையே பார்க்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை.

அண்ணன்

•

ஆகஸ்ட் 8

அன்புள்ள அண்ணா,

உனக்குச் சத்தம் கேட்கிறதா! அப்படியானால் காது திரும்புகிறது! மிஷின் பக்கம் போகாமல் நாலு மாசம் வீட்டில் இருந்ததன் பலன் பார். டாக்டர் எவராவது இருந்தால் உடனே காட்டு. இந்தப் பாழாய்ப்போன வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல சேதி இதுதான்.

இனி கெட்ட சேதி. இரண்டாம் பக்கத்துக்குக் காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. ஆகஸ்ட் 5 கெடு நாள். அதே ஒரு பக்கத்தை வைத்து ஓட்டினேன். அதே இடம், அதே விளக்கு, அதே மூன்று நிமிடம். நடுவில் மாடியில் ஒரு ஜன்னல் காற்றில் படாரென்று அறைந்தது. டமாரம் துடித்து ஒரு அங்குலம் முன்னால் வந்தது. வந்து, அது இல்லை என்று தெரிந்துகொண்ட மாதிரி, மறுபடி நின்றுவிட்டது. படத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்து வெயிலில் உட்கார்ந்துகொண்டேன்.

திட்டாதே என்கிறாய். திட்டுவேன். வாலு, இதைப் படிக்கிறாய் அல்லவா? ஒரு தாள் எழுத உனக்கு எத்தனை மாசம் வேண்டும்? எட்டு வயசுப் பொடிசுகள் எல்லாம் இரண்டு தடவை திருத்தித் திருத்தி அனுப்பிவிட்டன. நீ போர்த்திக்கொண்டு தூங்குகிறாயா? இவ்வளவு நல்ல வண்டியைச் செய்துவிட்டு நட்டாற்றில் விட்டுவிட்டாயே, உனக்கு வெட்கமாக இல்லை? அத்தைக்கு ஒரு வரி எழுதக்கூட மகாராணிக்கு நேரம் இல்லையோ? செப்டம்பர் 17 கடைசி. அதற்குள் பக்கம் வராவிட்டால் டமாரத்தைக் கட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கோபத்தில் எழுதிவிட்டேன். அவளுக்கு ஒரு முத்தம்.

உன் தங்கை

•

ஆகஸ்ட் 21

தங்கச்சிக்கு,

நீ உட்கார்ந்துகொண்டு படி. வாட்ச்மேனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

வாலு இல்லை. மே மாதம் இருபத்தாறாம் தேதி போய்விட்டாள்.

பன்னிரண்டாம் தேதி காய்ச்சல் வந்தது. அதற்கு முன்பே வண்டியை முடித்துப் பெட்டியில் வைத்து, கடிதமும் எழுதி வைத்துவிட்டாள். பதினேழாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உள்ளே யாரையும் விடவில்லை. ஒன்பது நாளும் அந்தத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதவு.

அவள் என்னைக் கூப்பிடும் ரகசியத்தைச் சொல்கிறேன். கைதட்டுவாள். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு. எனக்கு வேறெதுவும் கேட்காது, அது மட்டும் கேட்கும். டமாரம் காத்திருப்பதும் அதற்குத்தான். அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் தட்டினாளா, எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. நர்ஸிடம் கேட்டேன், "கையைத் தூக்குற தெம்பே இல்லைங்க" என்று தாளில் எழுதிக் காட்டினாள். ஆறுதலுக்குச் சொன்னாளோ என்னவோ. ஒருவேளை மெதுவாகத் தட்டியிருந்தால்? தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அப்பா வரவில்லை என்று நினைத்திருந்தால்?

இப்போது வீட்டில் எனக்குக் கேட்பது அதுதான். இரண்டு, அப்புறம் ஒன்று. காது திரும்பவில்லை, தங்கச்சி.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். தெரிந்தால் அந்த நிமிஷமே கிளம்பியிருப்பாய், வழியில் உனக்கும் ஏதாவது ஆகியிருக்கும் என்று பயந்தேன். அது பாதிதான். இங்கே எல்லோரும் அவளைப் பற்றி இறந்த பெண்ணைப் போலப் பேசுகிறார்கள். நீ ஒருத்திதான் அவளைச் சோம்பேறி என்று திட்டினாய். நீ திட்டிக்கொண்டிருந்த வரையில் அவள் எங்கோ போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை.

இரண்டாம் பக்கம் என்னிடம்தான் இருக்கிறது. தபாலில் கட்டும்போது நான்தான் எடுத்துக்கொண்டேன். அதில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறாள். அதைக் கொடுக்க முடியாது. இப்போதுதான் உனக்கு விஷயம் தெரிந்துவிட்டதே, நீயே தட்டிவிடு. அரங்கில் யார் இருக்கிறார்கள்? அது பாலத்தைத் தாண்டினால் போதும். ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் எனக்கு.

அண்ணன்

•

ஆகஸ்ட் 30

அண்ணா,

எப்படி இருக்கிறாய் என்று எழுத வந்து, அடித்துவிட்டேன். அண்ணியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருக்கிறது. பேருந்து கிடையாது, ரயில் கிடையாது. நடந்தே வந்துவிடலாமா என்று கேட் வரைக்கும் போனேன். வாட்ச்மேன்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வெட்கமாக இல்லையா என்று கேட்டேனே, அண்ணா. மகாராணி என்று எழுதினேனே. அவள் போய் இரண்டரை மாசம் ஆன பிறகு அவளை உட்கார வைத்துத் திட்டியிருக்கிறேன். உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இந்த ஜென்மத்தில் தீராது. நீ மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் உன் தோளில்தான் அழுதிருப்பேன், அதுவும் நிஜம்.

நான் தட்ட மாட்டேன்.

நீ கேட்டபடி அரங்குக்குப் போனேன். கையை ஓங்கிக்கூட விட்டேன். அது என்னைப் பார்த்தபடி நிற்கிறது. முடியவில்லை. யாரும் பார்க்க மாட்டார்கள்தான். ஆனால் அவள் என்னிடம் அனுப்பினாள், நான் எழுதாததைச் செய்ய மாட்டேன் என்று தெரிந்து அனுப்பினாள். நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் நான் காட்டிய கறார் அவளுக்கும் வேண்டும். திருட்டுத்தனமாகத் தள்ளிவிட்ட வண்டியாக டமாரம் பாலத்தைத் தாண்டக் கூடாது. அவள் சொல்லி, நான் கேட்டு, அது ஓட வேண்டும்.

அந்தப் பக்கத்தை அனுப்பு. உன் நெஞ்சிலிருந்து பிய்த்துக் கேட்கிறேன் என்று தெரியும். என் கையில் பத்திரமாக இருக்கும். நீ அனுப்பாவிட்டால் செப்டம்பர் பதினேழு அன்று அது மூன்றாவது தடவையும் நின்றுகொண்டேதான் இருக்கும். நானும் அதன் எதிரில் அந்த மூன்று நிமிஷமும் நின்றுகொண்டிருப்பேன்.

உன் தங்கை

•

செப்டம்பர் 8

தங்கச்சிக்கு,

இத்துடன் இருக்கிறது. மடிப்பில் கிழியப் பார்க்கிறது, மெதுவாகப் பிரி. வேறு எழுத வரவில்லை.

அண்ணன்

*பக்கம் 2*

*அத்தை, இனிமேதான் முக்கியமான விஷயம். பாலத்துக்கு முன்னாடி டமாரம் நின்னுடும். கெட்டுப்போச்சுன்னு நினைச்சுடாதீங்க. அது காத்திருக்கு. நீங்க கை தட்டணும். ரெண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. நல்லா சத்தமா.*

*நான் அப்பாவ இப்படித்தான் கூப்பிடுவேன். அம்மா தொண்டை கிழியக் கத்துவாங்க, அப்பா பேப்பர் படிச்சுட்டே இருப்பார். நான் தட்டினா எந்திரிச்சு வந்துடுவார்.*

*முதல் தட்டலுக்கு வரலன்னா கோபப்படாதீங்க. அப்பாவும் அப்படித்தான். முதல் தடவை கேக்காத மாதிரியே உக்காந்திருப்பார். கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டுங்க. எத்தனை தடவை வேணும்னாலும் தட்டலாம். கட்டாயம் வரும். வராம இருந்ததே இல்ல.*

*இந்தப் பக்கத்த அப்பாகிட்ட காட்டாதீங்க. பேர் வெச்சதுக்கே முறைச்சார்.*

*— வாலு, மே 9*

•

செப்டம்பர் 18

அன்புள்ள அண்ணா,

அண்ணியும் நீயும் சாப்பிடுகிறீர்களா? தூங்குகிறீர்களா? நான் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிறேன்.

நேற்று மத்தியானம் ஓட்டினேன். பக்கம் ஒன்றையும் பக்கம் இரண்டையும் கேமரா முன்னால் வாசித்தேன். "வராம இருந்ததே இல்ல" என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. படத்தை நிறுத்தக் கூடாது என்பது விதி. தண்ணீர் குடிக்காமல், முகம் துடைக்காமல் அங்கேயே நின்று, மறுபடி அந்த வரியிலிருந்து வாசித்தேன். எல்லாம் படத்தில் இருக்கிறது. இருக்கட்டும்.

பச்சைப் பொத்தானை இரண்டு தடவை அமுக்கினேன். கையை எடுத்துக்கொண்டேன். கட்டையைத் தூக்கியது, வந்தது, பாலத்தருகே நின்றது, திரும்பி என்னைப் பார்த்தது.

தட்டினேன். வரவில்லை. தட்டல் சரியாக விழவில்லை என்று நினைக்கிறேன். பொறுத்தேன். மறுபடி தட்டினேன். விளக்கு ஒரு தடவை நின்று எரிந்தது, ஆனால் வரவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. இத்தனை நாள் காத்திருந்து அதற்கும் காது போய்விட்டதோ என்று. அவள் எழுதியதை நினைத்துக்கொண்டேன். எத்தனை தடவை வேண்டுமானாலும். மூன்றாவது தடவை ஓங்கித் தட்டினேன். இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று.

வந்தது, அண்ணா. பாலத்தில் ஏறியது, கட்டை ஆடவே இல்லை. இறங்கியது. வெள்ளைக் கட்டத்தில் கட்டையை வைத்துவிட்டு ஒதுங்கி நின்று விளக்கை அணைத்துக்கொண்டது. அந்தப் பெரிய அரங்கில் என் தட்டல் சத்தம் கொஞ்ச நேரம் எங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. என் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. சத்தியமாக நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து, யாரும் இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

முழு மதிப்பெண்ணுக்கும் தகுதியான ஓட்டம். மதிப்பெண் போடும் மூவருக்கும் படம் போய்விட்டது. அவர்களுக்கு வாலுவைப் பற்றி எதுவும் தெரியாது, சொல்லவும் இல்லை. உனக்கு மெமரி கார்டில் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். வாலுவின் இரண்டு பக்கமும் அட்டைக்குள் வைத்திருக்கிறேன், கசங்காது. டமாரத்தை என்ன செய்யட்டும்?

உன் தங்கை

•

அக்டோபர் 4

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணி நேற்று முதல் தடவையாக உன்னைப் பற்றிக் கேட்டாள். "அவ தனியா என்ன பண்றாளோ" என்றாள். அதனால் முதலில் அதைக் கேட்டு எழுதுகிறேன். என்ன பண்ணுகிறாய்? முழங்கால் எப்படி?

வாலுவின் பக்கங்கள் வந்து சேர்ந்தன. அந்த இரண்டாம் பக்கத்தை உனக்கு அனுப்பிய நாளிலிருந்து வீட்டில் சத்தம் நின்றுவிட்டது. பின் அறையிலிருந்து எதுவும் வரவில்லை. எத்தனையோ வருஷமாக எனக்குக் காது இல்லை, ஆனால் அந்தப் பதினைந்து நாளில்தான் நான் செவிடனானேன். அப்போதுதான் அண்ணியிடம் முதல் தடவையாகச் சொன்னேன், இந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, இப்போது இல்லை என்று. தாளில் எழுதிக் காட்டினேன்.

அவள் அதை வாங்கிப் படித்துவிட்டு அடியில் எழுதினாள்: "எனக்கும் கேட்டுச்சு. உங்களத்தானே கூப்பிடுறா, நான் எதுக்கு நடுவுலன்னு சும்மா இருந்தேன்." எழுதிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலு மாசமாக அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு இருவரும் உன் படத்தைப் போட்டுப் பார்த்தோம். நீ வாசிப்பது எனக்குக் கேட்கவில்லை, உன் உதடு அசைவதைப் பார்த்தேன். நீ நின்றுபோன இடம் எந்த வரி என்று தெரிந்தது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். டமாரம் பாலத்தருகே நின்றது. ஓரத்தில் உன் கை உயர்ந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன், தங்கச்சி. கேட்டதா என்று கேட்டால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் எழுந்து, பின் அறைப் பக்கம் இரண்டு அடி வைத்துவிட்டேன். அண்ணி தடுக்கவில்லை. அப்புறம் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் எழுந்தேன்.

டமாரத்தை அனுப்பிவிடு. பேட்டரியைக் கழற்றாதே. அண்ணி தட்டிப் பழகிக்கொள்கிறேன் என்கிறாள்.

மேஜையைத் துடைத்து எடுத்து வைப்பதற்கு முன்னால் எனக்காக ஒரு காரியம் செய். அந்த அரங்கில், கேமரா இல்லாமல், பேப்பரில் எதுவும் இல்லாமல், அவளிடம் ஒன்று சொல். விதியில் இடம் இல்லை என்று சொல்லாதே. டமாரத்துக்குத்தான் மூன்று தட்டல் ஆயிற்று. அப்பா இந்தத் தடவை முதல் தட்டலுக்கே எழுந்துவிட்டார் என்று சொல்.

உன் அண்ணன்